பொங்கும் வரை பொறுத்திருக்கும் இறைவன்



இன்று பொதுக்காலத்தின் 16ஆம் ஞாயிறு. மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்திலிருந்து மூன்று உவமைகளைக் கேட்டோம். கோதுமை வயலில் முளைத்த களைகள், சின்ன விதையிலிருந்து எழும்பிய கடுகு மரம், கடைசியாக ஒரு பெண் மாவில் பிசைந்து வைத்த புளிப்புமாவு. வயலைப் பற்றிப் பேசிய ஆண்டவர் அடுப்படியையும் மறக்கவில்லை. விண்ணரசு எப்படி வளர்கிறது என்று சொல்ல, மாவு பிசைகிற ஒரு பெண்ணின் கைகளை அவர் நமக்குக் காட்டுகிறார். ஆகவே நாமும் இன்று கொஞ்ச நேரம் நம் வீட்டு அடுப்படியிலேயே நின்று இறைவார்த்தையைச் சிந்திப்போம்.

நம் வீடுகளில் இட்லிக்கு மாவரைக்காத வாரம் இல்லை. 4 பங்கு அரிசி, 1 பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். இதைவிட எளிய கணக்கு உண்டா? ஆனாலும் கணக்கு தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இட்லி பூப்போல வந்துவிடுவதில்லை. குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து உளுந்தைப் பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும். ஒரு துளி எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால் அது மிதக்க வேண்டும். அதுதான் பதம். சித்திரை வெயிலில் 8 மணி நேரத்தில் பொங்கி வழிகிற மாவு, மார்கழிக் குளிரில் 12 மணி நேரமானாலும் அசையாமல் கிடக்கும். அதனால்தான் உங்களில் பலர் வெயில் காலத்தில் அரைத்த உடனே உப்புப் போட்டுவிடுகிறீர்கள். உப்பு புளிப்பைக் கொஞ்சம் நிதானப்படுத்தும். குளிர் நாளில் மாவு பொங்கிய பிறகு உப்பைக் கலந்துகொள்கிறீர்கள், பாத்திரத்தையும் கதகதப்பான இடமாகப் பார்த்து வைக்கிறீர்கள்.

இதையெல்லாம் செய்து பார்த்துத்தானே கற்றுக்கொண்டீர்கள்? இட்லி கல்லாகிப்போன வாரத்துக்கு அடுத்த வாரம் உளுந்தைக் கொஞ்சம் கூட்டினீர்கள். அதற்கும் அடுத்த முறை ஒரு கைப்பிடி அவல் சேர்த்துப் பார்த்தீர்கள். ஒரு முறைக்கு ஒன்றைத்தான் மாற்றினீர்கள். அரிசி, உளுந்து, தண்ணீர், நேரம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது கைகொடுத்தது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

அன்புக்குரியவர்களே, அடுப்படியில் இவ்வளவு நிதானமாக இருக்கிற நாம், நம் ஆன்ம வாழ்வில் அப்படி இருக்கிறோமா? தவக்காலம் தொடங்கும்போது கோபத்தை விடுவேன், குடியை விடுவேன், தினமும் செபமாலை சொல்வேன், பேசாமல் இருக்கிற அண்ணனோடு பேசுவேன் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குகிறோம். இரண்டாம் வாரத்துக்குள் எல்லாம் கைவிட்டுப்போனதும், “நான் திருந்தவே மாட்டேன் சாமி” என்று சோர்ந்துவிடுகிறோம். ஒரு நாள் இட்லி சரியாக வராததற்காக எந்தத் தாயும் கிரைண்டரைத் தூக்கி வெளியே போடுவதில்லை. பிறகு ஏன் ஒரு முறை விழுந்ததற்காக ஒப்புரவு அருளடையாளத்தைவிட்டே ஒதுங்கிப்போகிறோம்?

இன்றைய முதல் வாசகம் நமக்குப் பெரிய ஆறுதல். ஆற்றல் மிகுந்த ஆண்டவர் கனிவோடு தீர்ப்பு வழங்குகிறார், மனம் மாறுவதற்கு நமக்கு வாய்ப்புத் தருகிறார் என்று சாலமோனின் ஞானம் நூலில் கேட்டோம். முதல் உவமையில், களைகளைப் பிடுங்க அவசரப்பட்ட பணியாளர்களை நிலக்கிழார் தடுத்ததும் இந்தக் கனிவினால்தான். நீங்கள்கூட, புளித்துப்போன மாவைக் கொட்டிவிடுவதில்லை. வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம் ஊற்றுகிறீர்கள், குழிப்பணியாரம் சுடுகிறீர்கள். கல்லாகிப்போன இட்லியை உதிர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து உப்புமாவாக்கிப் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறீர்கள். ஒரு தாய்க்கே இவ்வளவு மனம் இருந்தால், நம்மைப் படைத்தவர் நம்மை வீணென்று கொட்டிவிடுவாரா?

இரண்டாம் அரசர்கள் நூல் 4ஆம் அதிகாரத்தில் ஒரு சமையல் நிகழ்ச்சி வருகிறது. கில்காலில் பஞ்சம். இறைவாக்கினர் எலிசாவோடு இருந்தவர்களுக்காகப் பெரிய பானையில் கூழ் கொதிக்கிறது. பானையில் இன்னும் ஏதாவது சேர்க்கலாமே என்று ஒருவர் கீரை பறிக்க வயலுக்குப் போகிறார். இன்னதென்று தெரியாமல் ஒரு காட்டுக்கொடியின் காய்களைப் பறித்துவந்து நறுக்கிப் போட்டுவிடுகிறார். வாயில் வைத்தவர்கள், பானையில் சாவு இருக்கிறது என்று அலறுகிறார்கள். எலிசா என்ன செய்தார்? யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. பஞ்ச காலத்தில் ஒரு பானைக் கூழை வீணாக்கிவிட்டாயே என்று எவரையும் திட்டவில்லை. கொஞ்சம் மாவு கொண்டுவரச் சொல்லி அதில் போட்டார், பரிமாறுங்கள் என்றார். எல்லாரும் சாப்பிட்டார்கள், ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. நல்லெண்ணத்தோடு தவறிப்போனவரைக் காட்டிக்கொடுக்காமலே கடவுள் அந்தப் பானையைக் காப்பாற்றினார்.

நம் வீட்டுப் பந்தியில் இந்த இரக்கம் இருக்கிறதா? புதிதாக வந்த மருமகள் புதிதாக ஒன்றைச் செய்து வைக்கும்போது நம் வாயிலிருந்து முதலில் வருகிற வார்த்தை எது? “எங்கள் வீட்டில் இப்படிச் செய்ய மாட்டோம்” என்பதா? காலையிலிருந்து அடுப்பில் வெந்தவர் கடைசியாகச் சாப்பிட உட்காரும்போது, உப்புக் குறை என்ற பேச்சு மட்டும்தான் அவருக்கு மிச்சமா? குறை சொல்லி எவருடைய கையிலும் ருசி வந்ததில்லை. பொறுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிற வீட்டில்தான் சமைப்பவருக்கு இன்னொரு முறை செய்து பார்க்கத் துணிவு வருகிறது. மன்னிக்கிற வீட்டில்தான் மனிதருக்குத் திருந்தத் துணிவு வருகிறது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இட்லி மாவில் நாம் வெளியிலிருந்து ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. அதைப் பொங்கவைக்கிற நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. ஊறவைத்து, அரைத்து, கலந்து, மூடி வைப்பது நம் வேலை. மற்றது நாம் உறங்கும்போது உள்ளே நடக்கிறது. நற்செய்தியில் வருகிற பெண் பிசைந்தது மூன்று மரக்கால் மாவு. நூறு பேருக்கும் மேல் அப்பம் சுடப் போதுமான அளவு அது என்பார்கள் விவிலிய அறிஞர்கள். அத்தனை மாவையும் எழுப்பியது அவர் சேர்த்த சிறிதளவு புளிப்புமாவு. திருமுழுக்கில் நாம் பெற்றுக்கொண்ட தூய ஆவியாரும் நமக்குள் ஓசையில்லாமல் செயலாற்றுகிறார். எப்படிச் செபிப்பதென்று தெரியாமல் நாம் தவிக்கும்போது அவரே நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று புனித பவுல் இன்று நமக்கு உறுதி சொன்னார். ஆகவே, “எனக்குள் ஒரு மாற்றமும் இல்லையே” என்று அழுகிறவர்களே, கலங்காதீர்கள். உங்கள் வாழ்வில் இது குளிர் காலமாக இருக்கலாம். கடவுள் உங்களுக்காகப் பொறுத்திருக்கிறார்.

அன்பு மக்களே, இந்த வாரம் உங்கள் வாழ்வில் ஒன்றே ஒன்றை மாற்றிப் பாருங்கள். ஒரு கெட்ட சொல்லையோ, ஒரு பழைய கோபத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். தவறினால் அடுத்த நாள் மறுபடியும் தொடங்குங்கள். வீட்டில் யார் சமைத்தாலும், வாயில் வைப்பதற்கு முன் கடவுளுக்கும் சமைத்தவருக்கும் நன்றி சொல்லுங்கள். தந்தையரே, ஒரு வேளையாவது நீங்கள் அடுப்பைப் பற்றவையுங்கள். அந்த உழைப்பு என்னவென்று உங்கள் கைகளுக்கும் தெரியட்டும். நெடுநாளாய் ஒப்புரவு அருளடையாளத்திற்கு வராதவர்கள் தயங்காமல் வாருங்கள். ஆண்டவர் உங்களை ஒருபோதும் கொட்டிவிட மாட்டார். அவருடைய இரக்கம் உங்கள் குடும்பங்களில் பொங்கிப் பெருகுவதாக. ஆமென்.