கள்ளுக்கு இல்லாத தீட்டு

மனிதன் உண்பதிலும் பருகுவதிலும் அடைகின்ற இன்பத்துக்கும் அறத்துக்கும் தொடர்பு ஏதும் உண்டா? நாவின் சுவை நாவோடு முடிந்துவிடுவது, அதிலே நீதி அநீதி என்ற பேச்சுக்கு இடமேது என்று கேட்போர் உளர். சுவை நாடுவதே வீழ்ச்சியின் முதற்படி, ஆதலால் அடக்கமே அறம் என்று விடை கூறுவோரும் உளர். தமிழ் இலக்கியத்திலே இவ்விரு குரல்களும் தொன்றுதொட்டு ஒலித்து வருகின்றன. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமையை வற்புறுத்துகின்றது. புறநானூற்றிலோ, அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, அவன் தம்மோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட பண்பையே முதலில் நினைந்து கலங்குகின்றது.

இவ்விரண்டனுள் எது சரி என்று பட்டிமன்றம் நடத்துவது எமது நோக்கமன்று. குடிக்கலாமா, கூடாதா என்ற வினா குடிப்பவனை மட்டுமே நோக்குகின்றது. அவன் கையிலிருக்கும் கலத்தை நிரப்பிய மற்றொரு மனிதனை அது காண்பதில்லை. அந்த மற்றைய மனிதனிலிருந்து தொடங்கினால் சுவை பற்றிய சிந்தனை எங்கே சென்று முடிகின்றது என்பதை நெல்லியடியிலிருந்து, எமது வடமராட்சி மண்ணிலிருந்து, சிந்தித்துப் பார்க்க விழைகின்றோம்.

பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பனங்கள்ளின் செழிப்புக் காலம். தென்னங்கள்ளு ஆண்டு முழுவதும் கிடைக்கலாம். பனங்கள்ளோ பருவத்தின் கொடை. அதனாலேயே அதற்கென்று காத்திருப்போர் பலர். பாளையிலிருந்து சொட்டும் நீர் முதலில் வெறும் இனிப்பு நீர்தான். முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது கருப்பநீராக நிற்கும்; காய்ச்சினால் பனங்கட்டியாகும். சுண்ணாம்பு இல்லையேல், காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. இனிப்பு மெல்லக் குறைந்து, புளிப்பும் நுரையும் மயக்கமும் சேர்கின்றன. காலையில் இறக்கியதன் சுவை மாலையில் இராது. மறுநாள் அது காடியாகும் வழியிலே நிற்கும்.

இந்தக் குறுகிய ஆயுள் கொண்ட சுவைக்காக ஒரு மனிதன் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் மரமேற வேண்டும். காலிலே தளைநார், இடுப்பிலே பாளைக்கத்தி. மரத்துக்கு மரம் இதே ஏற்றம், இதே இறக்கம். பாளையை எத்தனை மெல்லிதாகச் சீவ வேண்டும், எவ்வளவு தட்டிப் பதப்படுத்த வேண்டும் என்பது எந்த நூலிலும் எழுதிவைக்கப்படாத கல்வி. கை தவறினால் பாளை கெடும். கால் தவறினால் உயிரே போகும். தவறணையிலே அமர்ந்து ஒரு மிடறு அருந்துபவனின் இன்பத்துக்குள்ளே இத்தனையும் கரைந்திருக்கின்றன.

இந்தத் தொழிலைச் செய்தவர்களை யாழ்ப்பாணச் சமூகம் எவ்வாறு நடத்தியது? அவர்கள் சீவிய கள் விரும்பப்பட்டது. அவர்கள் தொட்ட தண்ணீர் விலக்கப்பட்டது. உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதிக்கொண்டோர் கள்ளுக் கொட்டிலுக்கு நடந்து சென்று, சீவியவன் வார்க்க, பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்தனர். அதே மனிதன் அவர்களது கிணற்றில் நீரள்ள முடியாது. கோயில் வாசலைத் தாண்ட முடியாது. தேநீர்க்கடையின் வாங்கிலே அமர முடியாது. அவனுக்குத் தேநீர் வெளியிலே, போத்தலிலோ சிரட்டையிலோ தனியே வழங்கப்பட்டது.

இங்கே ஒரு தருக்க முரண்பாடு உண்டு. தீட்டு என்பது உண்மையிலேயே நீரின் வழியாகவும் தொடுகையின் வழியாகவும் பரவும் ஒன்றாயின், எல்லா நீர்மங்களிலும் கள்ளுக்கே அது முதலில் பற்றியிருக்க வேண்டும். சீவியவனின் விரல்கள் பாளையைத் தொட்டன, முட்டியைத் தொட்டன, பிளாவைத் தொட்டன. ஆயினும் கள்ளிலே எவரும் தீட்டுக் கண்டதில்லை. ஏன்? கள் வேண்டியிருந்தது, ஆகவே விதிவிலக்கும் வேண்டியிருந்தது. தண்ணீரைத் தன் கிணற்றிலேயே அள்ளிக்கொள்ளலாம். பனையுச்சியிலிருந்து கள்ளைத் தானாக இறக்கிக்கொள்ள அவனால் இயலாது.

இந்தச் சிறு உண்மை தரும் பாடம் பெரிது. தீண்டாமையை அறியாமையின் விளைவு என்றும், மூடநம்பிக்கை என்றும், கல்வி பரவினால் தானே மறைந்துவிடும் என்றும் கூறுவது வழக்கம். அறியாமைக்கு இத்துணை நுட்பமான கணக்குத் தெரியுமா? எங்கே ஆதாயம் உண்டோ அங்கே தளர்ந்தும், எங்கே சமத்துவம் தலைதூக்குமோ அங்கே இறுகியும் நிற்கும் ஒன்றை வெறும் நம்பிக்கை என்று எவ்வாறு சொல்வது? உழைப்பை உள்ளே எடுத்துக்கொண்டு உழைப்பவனை வெளியே நிறுத்தும் ஏற்பாடு அது. நம்பிக்கை என்பது அதன் மேலங்கி.

ஆகவேதான் அது உபதேசத்தால் ஒழியவில்லை, போராட்டத்தால் தளர்ந்தது. 1956இல் பருத்தித்துறைத் தொகுதி மக்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும் சட்டப்புத்தகத்திலிருந்து தேநீர்க்கடை வாங்கு வரை வந்து சேர நீதிக்கு மேலும் பத்தாண்டுகள் தேவைப்பட்டன. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் நடத்திய ஆலயப் பிரவேச, தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே அந்த இடைவெளியைக் கடந்தன. சங்கானை நிச்சாமமும் எமது அயலான கரவெட்டிக் கன்பொல்லையும் அவ்வரலாற்றின் மறக்கவொண்ணாப் பெயர்கள். அம்மக்கள் கேட்டது ஒரு கோப்பைத் தேநீரின் இனிப்பை அன்று. மற்றவர் அருந்தும் அதே கோப்பையில், அதே வாங்கில் இருந்து அருந்தும் உரிமையை.

இது பழைய கதை, இன்றைய குடிவகைகளுக்கு இது பொருந்தாது என்று சிலர் கூறக்கூடும். இன்றைய மதுச்சாலையிலே குளிரூட்டிய பியர் உண்டு. கருநிறமான ஸ்ரவுட் உண்டு. 1881இல் நுவரெலியாவில் தொடங்கிய மதுவடிப்பின் வழிவந்த லயன் ஸ்ரவுட், சொக்கலேட்டும் கோப்பியும் கலந்தாற்போன்ற சுவைக்காக உலகெங்கும் பேர்பெற்றது. மேலைநாடுகளிலே குளிர்காலம் வந்ததும், அப்பருவத்துக்கென்றே மெய்யான கொக்கோவைச் சேர்த்துச் சொக்கலேட் ஸ்ரவுட் வடிக்கின்றனர். ரசிகர்கள் அதற்காகக் காத்திருந்து சுவைக்கின்றனர். எமது பனங்கள்ளின் பருவம் போன்றதே அதுவும். அதிலே சாதி ஏது என்று கேட்கலாம்.

அந்தக் கறுப்பு மதுவின் வரலாற்றையும் சற்றே புரட்டிப் பார்ப்போம். ஸ்ரவுட்டின் முன்னோடியான போர்ட்டர் என்ற மது, 18ஆம் நூற்றாண்டு இலண்டன் தெருக்களிலே மூட்டை சுமந்த கூலித் தொழிலாளரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. 1817இல் டானியல் வீலர் என்பவர் முளைத்தானியத்தைக் கருக வறுக்கும் உருளைக்கு உரிமம் பெற்ற பின்னரே இன்று நாம் அறியும் கருநிறமும் வறுத்த மணமும் நிலைபெற்றன. சுமைகூலியின் குடிவகை இன்று வசதியுள்ளோரின் நுண்சுவையாகிவிட்டது. பெயரிலே தொழிலாளி எஞ்சினான். மேசையிலே அவனைக் காணோம்.

அதிலே சேர்க்கப்படும் கொக்கோவின் கதை இன்னும் கசப்பானது. உலகக் கொக்கோவிலே பாதிக்கு மேல் மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகின்றது. அவ்விரு நாடுகளின் கொக்கோத் தோட்டங்களிலே ஏறத்தாழ 15 இலட்சத்து 60 ஆயிரம் சிறுவர்கள் உழைப்பிலே ஈடுபடுத்தப்பட்டிருந்தனர் என்று சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் நோர்க் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. கொக்கோக் காயை வெட்டும் அக்கைகளைச் சொக்கலேட்டைச் சுவைப்பவன் தீண்டத்தகாதவை என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையே அவனுக்கு இல்லை. இடையிலே கடல் கிடக்கின்றது. யாழ்ப்பாணத்திலே ஒரு வேலியும் ஒரு சிரட்டையும் செய்த வேலையை உலகச் சந்தையிலே தூரம் செய்கின்றது. இரண்டும் ஒன்றென்று நாம் கூறவில்லை. பிறப்பின் பெயரால் மனிதனை அவன் முகத்துக்கு நேரே இழிவுபடுத்துவது தனிக் கொடுமை. ஆயினும் உழைப்பை உள்ளெடுத்து உழைப்பவனை மறக்கும் ஏற்பாடு இரண்டிலும் உண்டு.

அவ்வாறாயின் மதுவை அறவே விலக்கிவிடுவதன்றோ நேரிய வழி என்று ஒழுக்கவாதிகள் கேட்பர். மேலிருந்து வந்த மதுவிலக்கின் வரலாற்றை அவர்கள் நினைவுகூர வேண்டும். ஆங்கிலேயர் காலத்திலே இலங்கையின் புதுப்பணக்காரர் பலரின் மூலதனம் சாராயக் குத்தகையிலே திரண்டதென்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியிட்ட ஆய்வுநூலிலே விரித்துக் காட்டினார். அத்தகைய செல்வக் குடும்பங்களைச் சேர்ந்த சிலரே பின்னர் மதுவொழிப்பு மேடைகளிலும் முழங்கினர். தமிழ்நாட்டிலே 1987 முதல் கள் இறக்குவது தடைசெய்யப்பட்டது. 2003இலோ ஆலைகளிலே வடித்த கடும் மதுவின் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே கையேற்றது. மென்மையான கள்ளை இறக்கும் ஏழை குற்றவாளி; கடுமையான மதுவை விற்கும் அரசு வருவாய் ஈட்டும் வணிகன்! இத்தகைய ஒழுக்கம் எவருடைய நலனைக் காக்கின்றது என்பதை வாசகர் சிந்திக்கட்டும்.

எனினும் குடியின் கேட்டை மூடிமறைக்க நாம் முன்வரவில்லை. ஆசிரியர்களாகிய நாம் அவ்வாறு செய்யவும் முடியாது. தகப்பனின் கூலி மாலையிலேயே கரைந்துபோன வீட்டிலிருந்து, காலையில் வெறும் வயிற்றோடு வந்து வகுப்பிலே அமரும் பிள்ளையின் முகம் எந்தத் தத்துவத்தைவிடவும் உரத்துப் பேசும். முற்போக்குப் பேசுவோர் அந்த முகத்தைக் கண்டும் காணாததுபோல் இருந்தால், அவர்களது தத்துவத்துக்கு மதிப்பேது?

ஆனால் உற்று நோக்கினால், நாம் முன்னர்க் கண்ட அளவுகோலே இங்கும் பயன்படுகின்றது. தன் இன்பத்தின் விலையை மனைவியின் உழைப்பிலும் பிள்ளையின் பசியிலும் ஏற்றிவைக்கும் குடிகாரன் செய்வது என்ன? பிறருடைய உழைப்பை எடுத்துக்கொண்டு, அவர்களைத் தன் இன்பத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்துகின்றான். கொட்டிலிலே பிளா ஏந்திய சாதிமான் செய்ததும் இதுவே; கொக்கோ வாங்கும் பெருவணிகன் செய்வதும் இதுவே. அளவு வேறு, வலிமை வேறு. அநீதியின் அமைப்பு ஒன்று.

ஆகவே சுவையை அளக்க நாம் முன்வைக்கும் உரைகல் இதுதான்: இந்த இன்பத்தின் பாரத்தைச் சுமந்தவர்கள் எம்மருகே சமமாக அமர்ந்து இதனைச் சுவைக்க முடியுமா? அதற்கு வேண்டிய கூலியும் ஓய்வும் மதிப்பும் அவர்களுக்கு உண்டா? ஆம் என்றால், பருவத்தின் கள்ளை அளவோடு அருந்தி மகிழும் தொழிலாளியைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. இல்லை என்றால், தூய பாலை அருந்தினாலும் அதிலே ஓர் அநீதி கலந்தேயிருக்கும். ஔவையாரின் பாட்டை இந்த உரைகல்லிலே உரைத்துப் பாருங்கள். கள்ளின் சிறப்பை அவர் பாடவில்லை. அதைப் பகிர்ந்த கையின் சிறப்பையே பாடினார்.

இன்று வடமராட்சியிலே பனைகள் குறைந்துவிட்டன. போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்டவை எண்ணில. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. திக்கத்திலே வடிசாலை எழுந்தது. சீவல் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் தோன்றின. ஆயினும் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் மரமேற விரும்புவதில்லை. இதைக் கண்டு, பாரம்பரியம் அழிகின்றதே என்று சிலர் அங்கலாய்க்கின்றனர். இயற்கைப் பானம் என்று கள்ளைப் போற்றும் இவர்களுள் எத்தனை பேர் தம் பிள்ளையை அத்தொழிலுக்கு அனுப்புவர்? பிறப்பினால் ஒருவன்மீது சுமத்தப்பட்ட தொழிலை அவன் மகன் உதறுவது, அவனுடைய நியாயமான விடுதலை. அத்தொழில் நிலைக்க வேண்டுமாயின், விரும்பிய எவரும் கற்கக்கூடிய, பாதுகாப்பும் காப்புறுதியும் நல்ல வருவாயும் உள்ள தொழிலாக அது மாற வேண்டும். அம்மாற்றத்தைக் கோருவதே பனையின்மீது உண்மையான பற்றுடையோர் செய்யத்தக்க பணி.

மாணவ நண்பர்களே, சுவைப்பதற்கு அஞ்ச வேண்டாம் என்றோ, அஞ்சுங்கள் என்றோ நாம் சொல்லவில்லை. கையிலுள்ள கலம் தேநீர்க் கோப்பையாயினும், சொக்கலேட்டாயினும், வேறெதுவாயினும், அதனை நிரப்பிய கையை நினையுங்கள். அந்தக் கைக்குரியவன் எங்கே நிற்கின்றான் என்று கேளுங்கள். அவன் இன்னும் வெளியிலேதான் நிற்கின்றான் என்றால், வாங்கிலே சற்று ஒதுங்கி இடம் விடுவது மட்டும் போதாது. அவனை வெளியே நிறுத்திய கதவையே அகற்ற வேண்டும்.