கத்தரிக்கோலும் மாக்கோழியும்

திருத்தணி மலையடிவாரத்தில், படியேறும் வழியில், சாமி படங்களுக்குச் சட்டம் போடும் சிறு கடையொன்றின் முன் பேரனோடு நிற்க நேர்ந்தது. அரக்கோணம் செல்லும் பேருந்துக்கு நேரமிருந்தது. கடைக்காரர் அச்சிட்ட முருகன் படமொன்றை எடுத்து, உருவத்தை மட்டும் கத்தரித்து, சிவப்பு வெல்வெட் துணிமேல் ஒட்டி, ஓரத்தில் ஜிகினா பதித்துக்கொண்டிருந்தார். மயில் முழுமையாக அமைந்தது. சேவற்கொடி மட்டும் சட்டத்துள் அடங்கவில்லை. நுனியை நறுக்கினார், சேவலின் தலை தனியே மேசைமேல் விழுந்தது.

"தாத்தா, இது ஹிம்சை இல்லையா?" என்றான் பேரன்.

அவன் கேட்டதற்குக் காரணமுண்டு. விலங்குப் படங்களை வெட்டி ஒட்டி ஆல்பம் தயாரிக்கும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். உயிரின் உருவத்தில் கத்தரி வைக்கக்கூடாது என்று அவன் பாட்டி தடுத்துவிட்டாள். நான் அதுவரை இரண்டு பக்கமும் சேராமல் இருந்தேன்.

பாட்டியின் சொல் வெறும் மூடப்பழக்கமன்று. யசோதர காவியம் அறியாத இல்லம் நம்மிடையே இல்லை. யசோதர மன்னன் பலியிட்டது உயிருள்ள கோழியையன்று, மாவினாற் செய்த கோழியை. ஆயினும் 'கொல்கிறேன்' என்ற எண்ணம் அங்கிருந்தது. அச்சங்கல்பத்தின் பயனாக அவன் மயிலாகவும், அவன் தாய் நாயாகவும் பிறந்து உழன்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாகார தர்மாமிர்தம் இயற்றிய ஆசாதரர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். வேட்டையைத் துறந்த சிராவகன், துணியிலும் நாணயத்திலும் நூலிலும் உள்ள உயிர் உருவங்களையும் சிதைக்கலாகாது என்று விதித்தார். தாளுக்கு வலிக்கும் என்பதற்காக அன்று. சிதைக்கும் கைக்கு அது பழக்கமாகிவிடும் என்பதற்காகவே என்று நான் கொள்கிறேன்.

அப்படியானால் கொலாஜ் எனப்படும் காகித ஒட்டுச்சித்திரக் கலை முழுவதும் நமக்கு விலக்கா? அதை விலக்கென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சாந்திநிகேதனத்து ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியை (1904–1980) நினைத்துப் பார்க்கிறேன். பிறவியிலேயே பார்வைக் குறையுள்ளவர். 1950களின் பிற்பகுதியில், கண் அறுவைச் சிகிச்சை பயன்தராது போகவே, எஞ்சிய பார்வையும் போயிற்று. சுவரோவியம் தீட்டிய அக்கை அதன்பின் வண்ணத்தாளையும் கத்தரியையும் எடுத்தது. வண்ணத்தை நினைவால் மட்டுமே அறிந்து, விளிம்பை விரலால் தடவித் தடவி வெட்டி, மனித உருவங்களை அமைத்தார். அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு 'அகக்கண்' என்றே பொருள்படும் பெயரிட்டார். அவருடைய ஆக்கங்களைத் தொகுத்து 2006-இல் புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் நூற்றாண்டுக் கண்காட்சியும் நடந்தது. அவர் வெட்டியது வெற்றுத்தாள். அதில் ஓர் உருவம் பிறந்ததேயன்றி எதுவும் சிதையவில்லை. அங்கே ஹிம்சையைத் தேடுவது வீண்.

ஆனால் எல்லாக் கத்தரியும் இவ்வளவு எளிதில் தப்புவதில்லை. முதல் உலகப்போர் ஓய்ந்த கையோடு, 1920-இல் பெர்லினில் நடந்த தாதா கண்காட்சியில் ஹன்னா ஹோக் என்ற பெண் ஓவியர் பெரியதோர் ஒட்டுச்சித்திரத்தை வைத்தார். இதழ்களில் வந்த அரசியல்வாதிகள், தளபதிகள் முதலியோரின் புகைப்படங்களை வெட்டி, ஒருவர் தலையை வேறோர் உடலில் பொருத்தியிருந்தார். அதன் நீண்ட தலைப்பிலேயே சமையலறைக் கத்தி இடம்பெற்றது. இலட்சக்கணக்கான உயிர்களைப் போரில் பலியிட்டவர்கள்மீது எழுந்த சினம் அது. கொலையை எதிர்த்த கை, கொலையின் பாவனையைக் கைக்கொண்டது. பிரமாதத்தோடு கூடிய யோகத்தால் உயிரைப் பிரிப்பதே ஹிம்சை என்பது உமாசுவாமி ஆசார்யரின் இலக்கணம். இங்கே ஓருயிரும் பிரியவில்லை. ஆனால் கஷாயம் இருந்தது. திரவிய ஹிம்சை இல்லை, பாவ ஹிம்சை உண்டு என்று சொல்லிவிடலாம். சொல்லியபின்னும் என் மனம் அமைதி கொள்ளவில்லை. அவ்வம்மையார் வாளாவிருந்திருந்தால் அது அஹிம்சையாகியிருக்குமா? அதற்கும் என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை.

சினம் தணிந்த இடமாதலால் தணிகை என்று பெயர் வந்ததாக அவ்வூர் மரபு கூறும். படக்கடைக்காரர் முகத்திலும் சினம் ஏதுமில்லை. விழுந்த சேவல் தலையை அவர் தரையில் தள்ளவில்லை; எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு தகர டப்பாவில் போட்டார். பேரன் அதைக் கவனித்தான். "அவருக்கு அது குப்பை இல்லை, பார்த்தாயா?" என்றேன். "அப்படியென்றால் ஏன் வெட்டினார்?" என்று திருப்பிக் கேட்டான். சட்டம் சிறியது என்பதைத் தவிர என்னிடம் விடையில்லை.

வீட்டில் ஓர் உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது. உருவத்தைச் சுற்றி வெட்டலாம். உருவத்தின் குறுக்கே கத்தரி போகக்கூடாது. மானின் கொம்பு மிக நுணுக்கமானது. தவறி அதில் பட்டுவிடுமோ என்று அஞ்சி, சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு வெட்டியிருக்கிறான். பின்புறம் பசை தடவிக் கொடுத்தது பாட்டிதான்.