எழுந்து நின்று கேள்!

வருகைப் பதிவேட்டில் உன் பெயர் இருக்கிறது. ஹால் டிக்கெட்டில் இருக்கிறது. பஸ் பாஸில், விடுதி மெஸ் கணக்கில், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. பதினெட்டு முடிந்துவிட்டதே தம்பி, வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? தங்கச்சி, உன் பெயர்?

"எலெக்‌ஷன் வரட்டும், பார்த்துக்கலாம்" என்று நகராதே. தேர்தலை அறிவித்த பிறகு ஓடினால் பட்டியல் உனக்காகக் காத்திருக்காது. 1989 மார்ச் வரை இந்த நாட்டில் 21 வயதானால்தான் ஓட்டு. 61வது அரசியல் சட்டத் திருத்தம் அதை 18 ஆக்கியது. கல்லூரிக்குள் கால் வைக்கும் வயதிலேயே ஒரு குடியரசு உன்னை நம்பிவிட்டது. நீ உன்னை நம்பாமல் இருந்தால் எப்படி? 17 முடிந்ததுமே படிவம் 6-ஐக் கொடுத்துவைக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. விடுதியில் தங்கிப் படிக்கிறாயா? சொந்த ஊரில் பதியலாம், அல்லது கல்லூரிச் சான்றோடு விடுதி முகவரியில் பதியலாம். இரண்டில் ஒன்றுதான், உனக்கு எந்த ஊரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அந்த ஊரைத் தேர்ந்தெடு.

2016இல் ராதாபுரம் தொகுதியின் முடிவு 49 வாக்கு வித்தியாசத்தில் அறிவிக்கப்பட்டது. 2021இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. உன் வகுப்பில் எத்தனை பேர்? உன் விடுதியில் எத்தனை பேர்? இனி ஒருமுறை "என் ஒரு ஓட்டால என்ன ஆகப்போகுது" என்று சொல்லாதே.

ஆனால் ஓட்டோடு உன்னை விட்டுவிட மாட்டேன். ஐந்தாண்டில் ஒரு நாள் விரலில் மை. மீதி நாட்களில் நீ யார்?

2017 ஜனவரியை நினைத்துப் பார். ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்டவர்களில் உன் அண்ணன்களும் அக்காக்களும் இருந்தார்கள். இரவில் செல்போன் வெளிச்சத்தில் கடற்கரையே விழித்திருந்தது. குப்பையைத் தாங்களே பொறுக்கினார்கள், போக்குவரத்தைத் தாங்களே ஒழுங்குபடுத்தினார்கள். அந்தக் கட்டுப்பாட்டை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதே நாட்களில் தமிழ்நாட்டின் எந்தக் கிராம ஊராட்சிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான ஊரகப் பகுதிகளில் அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது; நகரங்கள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. அத்தனை ஆண்டுகள் உள்ளூரில் நம் கையெழுத்து இல்லாமலே நம் தெருவிளக்கும் குடிநீரும் தீர்மானிக்கப்பட்டன. அதற்காக எந்தக் கடற்கரையும் நிரம்பவில்லை. திரளத் தெரிந்த நமக்குக் கண்காணிக்கத் தெரியவில்லையே என்பதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது. ஒரு வாரம் கொந்தளிக்க வீரம் போதும். வருடம் முழுக்க விழித்திருக்கப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சிக்கூடம் உன் ஊரிலேயே இருக்கிறது: கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அதனால்தான் எடுத்த எடுப்பிலேயே பட்டியலைக் கேட்டேன். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் சபை கூடியாக வேண்டும். 500 பேர் உள்ள ஊராட்சிக்கு 50 பேர், பத்தாயிரத்தைத் தாண்டிய ஊராட்சிக்கு 300 பேர் வந்தால்தான் கோரம். பல ஊர்களில் அந்த எண்ணிக்கையை நிரப்புவது யார்? வேகாத வெயிலில் சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பாட்டிகளும், காட்டு வேலையை விட்டுவிட்டு வந்த அக்காக்களும். பட்டம் படிக்கும் நீயோ லீவு நாள் என்று வீட்டில் படுத்திருக்கிறாய்!

போ. முன்வரிசையில் உட்கார். வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்கள், வேகமாக வாசிப்பார்கள். எழுந்து நில். "ஐயா, குடிநீர்க் குழாய் பழுதுபார்த்த செலவை இன்னொரு தடவை வாசிங்க" என்று சொல். அவ்வளவுதான். குரல் நடுங்கும், நடுங்கட்டும். தொண்டை அடைக்கும், எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி சொல். எல்லாத் தலையும் உன் பக்கம் திரும்பும். "யாரு இது, மேலத்தெருப் பொண்ணா?" என்று யாரோ கேட்பார்கள். ஆமாம், மேலத்தெருப் பொண்ணுதான் என்று நிமிர்ந்து நில். முடியும்போது தீர்மானப் பதிவேட்டை நீட்டுவார்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதே. தீர்மானங்களை எழுதி முடித்த பிறகு, வாசித்துவிட்டுப் போடு.

சிலம்பத்தைப் பற்றிப் பத்து மதிப்பெண் விடை எழுதியவன் கையில் கம்பு சுழலாது. உரிமைகளும் அப்படித்தான். "எனக்கு இங்கிலீஷ் வராது சார், நாலு பேர் முன்னாடி பேச வராது" என்று ஒடுங்கி நிற்கும் முதல் தலைமுறைப் பட்டதாரியே, கிராமசபையில் உன் ஊர்த் தமிழே போதும். ஊரே பார்க்க ஒரு கேள்வியைக் கேட்டு முடித்தவனை, நேர்காணல் அறையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் நடுங்க வைக்க முடியாது.

"பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன வேலை?" என்று வீட்டில் தடுக்கிறார்களா? தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இலேயே சட்டம் ஆகிவிட்டது. தடுப்பவரிடம் அதைச் சொல். இன்னொன்றும் மறக்காதே. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், தலித் ஒருவர் அந்த நாற்காலியில் அமரக் கூடாது என்ற சாதி வெறிக்கு 1997 ஜூன் 30 அன்று பலியானார்; உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் அதே வெறியால் தேர்தலையே பத்தாண்டுகள் நடத்தவிடாமல் செய்தார்கள். உயிரைக் கொடுத்து மீட்ட சபை இது. இதைப் பார்த்து "போர் அடிக்கும்" என்று சொல்ல நமக்கு வாய் வரலாமா?

உன் கையில் இன்னோர் ஆயுதமும் இருக்கிறது. சென்னையில் பிறந்த அருணா ராய் ஐ.ஏ.எஸ். பதவியைத் தூக்கி எறிந்தவர், பின்னாளில் ராஜஸ்தானின் தேவ்டுங்ரி கிராமத்துக்குப் போனார். பஞ்ச நிவாரண வேலை செய்தவர்களுக்குக் கூலி சரியாக வரவில்லை. வருகைப் பட்டியலைக் காட்டு, ரசீதைக் காட்டு என்று அந்தக் கூலிக்காரர்கள் கேட்டார்கள். 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள் அவர்களில் இருந்தார்கள். அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியதுதான் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு வெள்ளைத்தாள், 30 நாளில் பதில். எதற்குக் கேட்கிறாய் என்று உன்னிடம் காரணம் கேட்கக்கூட அவர்களுக்கு உரிமை இல்லை. திருத்திய விடைத்தாளைப் பார்க்க இந்தச் சட்டத்தின் கீழ் மாணவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு அழுதவர்களில் எத்தனை பேர் அந்தப் பத்து ரூபாயைச் செலவழித்தீர்கள்?

கல்லூரிக்குள்ளும் கண்ணைத் திற. பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்காக மூன்று மாணவப் பிரதிநிதிகள் தேர்தல் மூலம் வர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதி. உன் கல்லூரியில் அந்தத் தேர்தல் எப்போது நடந்தது? மரியாதையாக, எழுத்து மூலமாக, நாலு நண்பர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு முதல்வரிடம் கேளுங்கள். இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குத் தெரியும். ஒருவர் கேட்டால் பெயர் தெரியும். அறுபது பேர் கேட்டால் கேள்விதான் தெரியும்.

பேராசிரியர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏழு நாள் முள்ளை வெட்டுகிறோம், கோயில் வளாகத்தைக் கூட்டுகிறோம். நல்ல வேலைதான். அதில் ஒரே ஒரு நாள் மாணவர்களை ஊராட்சி அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், எந்தப் பணம் எங்கிருந்து வந்து எதற்குப் போகிறது என்று பார்க்க வையுங்கள். வெட்டிய முள் அடுத்த மழைக்கு முளைக்கும். கணக்கு வாசிக்கக் கற்றவர் கடைசிவரை வாசிப்பார்.

2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மாநகராட்சியின் மேயரானார் ஆர்யா ராஜேந்திரன். வயது 21. பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்த மாணவி. அவர் எந்தக் கட்சி என்பது இங்கே என் பேச்சில்லை. சிறுவயதிலிருந்தே பாலசங்கம் என்ற சிறுவர் அமைப்பில் கூட்டம் நடத்திப் பழகியவர் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். தமிழ்நாட்டிலும் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க வயது 21தான். பழகத் தொடங்க உனக்கு இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

இன்று இரவே படிவம் 6-ஐ நிரப்பு. அடுத்த கிராமசபைத் தேதியை செல்போனில் குறித்துவை. நகரத்துப் பிள்ளை என்றால் உன் வார்டின் பகுதி சபை எப்போது என்று கவுன்சிலரிடம் கேள். ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுது: எந்த வேலை, எவ்வளவு தொகை, எப்போது முடியும். தனியாகப் போகாதே, தெருவில் உன்னோடு வளர்ந்த நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போ. பதில் சொல்லாமல் உட்கார வைத்தால், அதே தாளோடு அடுத்த கூட்டத்துக்கும் போ, இந்தமுறை எட்டுப் பேராக.