தொடரிலக்கமும் சேகரிப்போன் அறமும்

ஐக்கிய அமெரிக்காவிலே பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்போரிடம் ஒரு தனித்த வேட்கை காணப்படுகின்றது. ஒரே வகையைச் சேர்ந்த இரு சுழல்துப்பாக்கிகள் அடுத்தடுத்த தொடரிலக்கங்களைத் தாங்கியிருப்பின், தனித்தனியே அவற்றுக்குக் கிடைக்கக்கூடிய விலைகளின் கூட்டுத்தொகையிலும் மேலான விலையை அவ்விணைக்குக் கொடுக்க அவர்கள் ஆயத்தமாக இருக்கின்றனர். இதனோடு உறவுடைய மற்றொரு வேட்கையும் உண்டு. ஒரு துப்பாக்கியின் உறுப்புகள் யாவற்றிலும் அத்துப்பாக்கிக்குரிய இலக்கமே பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அது. சிறியதோர் உறுப்பில் இலக்கம் பிறழ்ந்திருப்பினும் ஆயுதம் சந்தையிலே தாழ்ந்துவிடுகின்றது. சுடுந்திறனில் அதனால் யாதொரு குறையும் நேர்வதில்லை. அங்ஙனமாயின் சேகரிப்போன் விலைகொடுத்து வாங்குவது எதனை? கொல்லுதற்கென ஆக்கப்பட்ட கருவியொன்றை அதன் இலக்கத்துக்காக நேசித்தல், அறத்தோடு தொடர்பற்ற வெறும் பொழுதுபோக்குத்தானா?

இவ்வினாவை அணுகுமுன் இலக்கம் ஏன் பொறிக்கப்பட்டது என்பதை நோக்குதல் தகும். பதினெட்டாம் நூற்றாண்டின் துப்பாக்கிக் கொல்லன் ஒவ்வோர் உறுப்பையும் அதன் அயல் உறுப்புக்கு இசைய அராவிப் பொருத்தினான். ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. 1785 இல் பாரிசிலே ஒனோரே பிளாங்க் என்னும் பிரெஞ்சுத் தொழில்வினைஞர் விசைப்பொறியின் உறுப்புகளைக் கழற்றி வகைவகையாகப் பிரித்து வைக்க, அவற்றிலிருந்து கைக்கு அகப்பட்டவற்றை எடுத்துத் தாமே பொருத்திப் பார்த்த தோமஸ் ஜெபர்சன் வியப்புற்றுத் தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். எவ்வுறுப்பும் எதற்கும் பொருந்தும் என்பது அக்காலத்தில் அத்துணைப் புதுமை. பொறிகள் பெருகிய பின்னரும் அரத்தின் வேலை முற்றாக ஒழிந்துவிடவில்லை. 1908 இல் ஜேர்மன் தரைப்படை ஏற்றுக்கொண்ட லூகர்க் கைத்துப்பாக்கி இதற்கு நல்ல சான்று. அதன் சட்டகத்தில் முழு இலக்கமும், சிறு உறுப்புகளிலே அவ்விலக்கத்தின் இறுதி இரு தானங்களும் பொறிக்கப்பட்டன. உடன் வழங்கப்பட்ட இரண்டு ரவைக்கூடுகளிலும் அதே இலக்கம் இருந்தது. இரண்டாவதில் மேலதிகமாக ஒரு கூட்டற்குறி. துப்புரவாக்குதற்காகக் கழற்றப்பட்ட உறுப்புகள் மாறிவிடாமல் தம் இடத்துக்கு மீளவேண்டும் என்பதே இதன் நோக்கம். இன்று சேகரிப்போன் பூரணத்துவத்தின் அடையாளமாகப் போற்றும் இலக்கம், உறுப்புகள் ஒன்றற்கொன்று மாற்றாகாத குறைபாட்டிலிருந்தே பிறந்தது.

போர் இவ்வொழுங்கை மதிக்கவில்லை. 1945 இல் முடிவுற்ற உலகப்போரில் சோவியத் படையினர் பெருந்தொகையான ஜேர்மன் மவுசர் றைபிள்களைக் கைப்பற்றினர். அவை ஆயுதசாலைகளிலே கழற்றப்பட்டுத் துப்புரவாக்கப்பட்டு, எவ்வுறுப்பு எதற்குரியது என்ற கவலையின்றி மீளப் பூட்டப்பட்டுக் களஞ்சியங்களில் அடுக்கப்பட்டன. இலக்கங்கள் சிதறின. ஆகவே ஆயுதசாலையினர் பல றைபிள்களின் உறுப்புகளிலே புதிய இலக்கத்தைப் பொறித்தோ கீறியோ அவற்றை ஒன்றுக்கொன்று இசையச் செய்தனர். பல்லாண்டுகள் கழிந்து இவை அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது, ‘வலிந்து இசைவித்தவை’ என்ற பெயரால் சேகரிப்போர் அவற்றைத் தாழ்வாகவே மதித்தனர்.

இவ்விடத்திலேதான் அறவியற் சிக்கல் முளைக்கின்றது. சோவியத் ஆயுதசாலைத் தொழிலாளி பொறித்த இலக்கத்தையும், இன்றைய வணிகன் ஒருவன் மறைவாகப் பொறிக்கும் இலக்கத்தையும் ஒப்பிடுக. உளியும் உருக்கும் எண்ணும் ஒன்றே. எனினும் முன்னையது கணக்குப் பேணுதற்காகச் செய்யப்பட்டது. எவரையும் ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை. பின்னையது பொய். செயலின் புறவடிவம் ஒன்றாயிருக்க, அதன் அறத்தன்மை எண்ணத்தினாலே வேறுபடுகின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. ஆயினும் வணிகனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு அமைதியடைய முடியாது. இசைந்த இலக்கத்துக்கே உயர்விலை என்று வகுத்தது சேகரிப்போரின் வேட்கையன்றோ? பொய்க்கு விலை நிர்ணயித்தவர்களும், பொய்யை உற்றுநோக்கும் கண்ணாடியைக் கையில் ஏந்தித் திரிபவர்களும் ஒரே கூட்டத்தினராயிருப்பது வேடிக்கையே.

தீசியசின் கப்பல் பற்றிப் புளூட்டார்க் எழுப்பிய பழைய வினா இங்கு புத்துயிர் பெறுகின்றது. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பல் முன்னைய கப்பல்தானா? சேகரிப்போன் இல்லை என்கின்றான். அமெரிக்கச் சட்டமோ வேறு விடை கூறுகின்றது. சட்டத்தின் நோக்கில் சட்டகமே துப்பாக்கி. ஏனைய யாவும் மாறினும் சட்டகமும் அதன் இலக்கமும் நிலைக்கும்வரை அது அதே ஆயுதம். 1938 ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம், இலக்கம் அழிக்கப்பட்ட துப்பாக்கிகளை மாநிலங்களுக்கிடையே கொண்டுசெல்வதைத் தடைசெய்தது. 1968 ஆம் ஆண்டின் சட்டம், உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் இலக்கம் பொறித்தல் வேண்டுமென விதித்தது. அதற்குமுன் மலிவான துப்பாக்கிகள் பல இலக்கமின்றியே விற்பனையாயின. 2025 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், வீட்டிலே எளிதிற் பூட்டத்தக்க உறுப்புத் தொகுதிகளையும் துப்பாக்கியாகக் கொள்ளலாம் எனத் தீர்ப்பளித்து, அவற்றுக்கும் இலக்கம் கோரும் விதியை நிலைநிறுத்தியது. முற்றுப்பெறாத கையெழுத்துப் பிரதியையும் எழுத்தாளன் நாவல் என்றே குறிப்பிடுவதை அத்தீர்ப்பு உவமையாகக் காட்டியது.

எனவே சட்டத்துக்கு இலக்கம் என்பது பொறுப்பு. ஒரு குண்டு ஓர் உடலைத் துளைத்த பின்னர், அக்கருவி எக்கடையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என வினவுவதற்கான நூலிழை அது. சேகரிப்போன் கையில் அவ்விழை அணிகலனாகின்றது. பண்டங்களிலே மனித உறவுகள் மறைந்து, பெறுமதி பண்டத்தின் இயல்பான குணம்போலத் தோற்றும் மயக்கத்தை 1867 இல் வெளியான ‘மூலதனம்’ விளக்கிற்று. தொடரிலக்க வேட்கையில் இம்மயக்கம் ஒருபடி மேலே செல்கின்றது எனலாம். அடுத்தடுத்த இலக்கமுடைய இரு துப்பாக்கிகளை ‘இரட்டையர்’ எனப் போற்றுகின்றனர். ஆனால் கோல்ற் நிறுவனத்தின் பழைய அனுப்பற் பேரேடுகளை நோக்கினால், துப்பாக்கிகள் இலக்க ஒழுங்கில் அனுப்பப்படவில்லை என்பது புலனாகும். அயல் இலக்கங்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஊர்களுக்குச் சென்றிருக்கலாம். ஒன்றையொன்று அறியாத இருவருக்கு எண்கள் மாத்திரம் உடன்பிறப்புறவைக் கற்பிக்கின்றன.

சேகரிப்போர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பொருளைப் பயன்பாடு என்னும் அடிமைத்தளையிலிருந்து விடுவிப்பவனே சேகரிப்போன் என வோல்ற்றர் பென்யமின் கருதினார். நூலையோ பீங்கானையோ பயன்பாட்டினின்றும் நீக்குவதால் உலகுக்கு நட்டம் நேரலாம்; துப்பாக்கியைப் பொறுத்தவரை அது பேறன்றோ? கண்ணாடிப் பேழைக்குள்ளே ஒருபோதும் சுடப்படாமற் கிடக்கும் இணை எவரையும் கொல்வதில்லை. மேலும், பேரேடுகளைத் துருவி ஆராய்ந்து, முத்திரைகளை ஒப்புநோக்கி, மோசடிகளை அம்பலப்படுத்தி, தொழினுட்ப வரலாற்றுக்கு இவர்கள் ஆற்றிய பணி சிறிதன்று. லூகரின் இலக்க முறைபற்றி இன்று அறியப்படுவதிற் பெரும்பகுதி இத்தகையோரின் உழைப்பால் விளைந்ததே.

இவ்வாதம் வலிமையுடையதாயினும் முழுமையானதன்று. பீங்கான் உடைந்தால் பயன்பாடு ஒழியும். பேழையிலுள்ள துப்பாக்கி தன் பயன்பாட்டை இழப்பதில்லை, ஒத்திவைத்திருக்கின்றது. அதனிலும் ஆழமான குறையொன்று உண்டு. இசைந்த இலக்கத்தைத் தேடுபவன் உண்மையில் தேடுவது, எதுவும் நிகழாத ஆயுதத்தை. வரலாற்றை நேசிப்பதாகக் கூறிக்கொண்டே வரலாறு தீண்டாத பொருளுக்கு அவன் உயர்விலை கொடுக்கின்றான். முற்காலத்து இணைத்துப்பாக்கிக்காவது ஒரு கொடிய நேர்மை இருந்தது. 1804 இல் ஹமில்ற்றனும் பர்ரும் நேருக்குநேர் நின்றபோது அவர்கள் கைகளில் இருந்தவை ஓர் இணையைச் சேர்ந்தவை. சாகப்போகிறவனும் கொல்லப்போகிறவனும் ஒத்த கருவியைப் பெறவேண்டும் என்பதே அக்காலத்து இணையின் பொருள். அங்கு இணை இரு மனிதரைச் சுட்டிற்று. தொடரிலக்க இணையில் மனிதர் எவருமிலர்.

மாறாக, இகழப்படும் அந்த மவுசரை நோக்குக. குழாயில் ஓர் இலக்கம், பூட்டில் வேறோர் இலக்கம், அதன்மேற் கோடிட்டுக் கீறப்பட்ட பிறிதோர் இலக்கம். ஒவ்வோர் இலக்கமும் ஒரு காலத்தில் ஒரு போர்வீரனின் கைக்கு உரியதாயிருந்தது. அவர்களிற் சிலர் சரணடைந்திருப்பர். சிலர் பனியிலே கிடந்திருப்பர். அவர்களுடைய கருவிகள் ஒரே குவியலிற் கொட்டப்பட்டு, பெயரறியாத ஒரு தொழிலாளியின் கையால் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. இலக்கம் பிறழ்ந்தமை அவ்வாயுதத்தின் குறையென்றால், அக்குறை போர் தானே எழுதிய எழுத்து. அதனை அழித்து இசைவான எண்ணொன்றைப் பொறிப்பவன் வாங்குபவனை மட்டுமன்றி, அந்தக் கைகளையும் ஏமாற்றுகின்றான்.

இவ்வாறு பிறழ்ந்த இலக்கமுடைய றைபிள்களையே தேடிச் சேர்ப்போரும் சேகரிப்போரிடையே பின்னர் தோன்றினர். சோவியத் களஞ்சியத்திற் பூசப்பட்ட அரக்கைச் சுரண்டி அகற்றாமலும், கீறப்பட்ட இலக்கங்களைத் தேய்த்து மறைக்காமலும், கிடைத்தவாறே அவற்றை அவர்கள் வைத்திருக்கின்றனர். ஒவ்வோர் உறுப்பின் இலக்கத்தையும் தனித்தனியே எழுதிய பட்டியலொன்று றைபிளின் அருகே இருக்கும். அவ்வெண்கள் ஒன்றோடொன்று ஒத்துவராது.