கேட்கப்படும் உரிமை

கலைஞனுக்குச் சமுதாயத்தின்பால் உள்ள கடமையைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கின்றோம். கேட்பவனுக்குக் கலைஞன்பால் உள்ள கடமையைப் பற்றிப் பேசியதோ குறைவு. அக்கடமை கூர்மையாகச் சோதிக்கப்படும் இடங்களுள் ஒன்று மேலைநாட்டு றொக் இசைமேடை. புகழ்பெற்ற குழுவொன்று பாடுவதற்கு முன்னர், அதிகம் அறியப்படாத குழுவொன்று அரைமணி நேரமோ சற்றுக் கூடவோ பாடுவது அங்கே நெடுநாளைய வழக்கம். ரிக்கற் வாங்கியோர் புகழ்பெற்றவரைக் காண வந்தவர்கள். முதலிற் பாடுவோரை அவர்கள் அழைக்கவில்லை. அழைக்காத ஒருவனுக்குச் செவிகொடுக்க நாம் கடன்பட்டவர்களா?

1978 ஜூன் 16ஆம் திகதி பிரஸல்ஸ் நகரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். எல்விஸ் கொஸ்ரெலோவின் நிகழ்ச்சிக்கு முன் 'சூசைட்' என்ற நியூயோர்க் குழு மேடையேறியது. அலன் வேகா, மார்ட்டின் றெவ் என்னும் இருவரே அக்குழு. கிற்றார் இல்லை; தாளவாத்தியம் வாசிப்போன் இல்லை; விசைப்பலகையும், தாளம் தரும் இயந்திரமும், ஒரு குரலும் மட்டுமே. கூட்டம் கூச்சலிட்டது, தான் காண வந்தவரின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது, பாடகனின் ஒலிவாங்கியையும் பறித்துக்கொண்டது. 23 நிமிட அளவில் எல்லாம் முடிந்தது. அன்றைய ஒலிப்பதிவு பின்னர் வெளியிடப்பட்டதால் அந்தக் கூச்சலை நாம் இன்றும் கேட்கலாம்.

அன்று பாடப்பட்டவற்றுள் ஒன்று பிராங்கி என்ற இளந் தொழிலாளியின் கதை. ஆலையில் உழைத்தும் மனைவியையும் குழந்தையையும் காப்பாற்ற வழியின்றி, அவர்களைக் கொன்று தானும் மாய்ந்துபோகும் ஒருவனின் கதை. அதே ஆண்டில் இக்குழு பிரித்தானியாவில் கிளாஷ் குழுவினருக்கு முன்னோடியாகவும் பாடிற்று. இடதுசாரிக் கருத்துக்களாற் பெயர்பெற்ற குழு கிளாஷ். எனினும் அதனைக் காண வந்த கூட்டத்திலிருந்தும் மேடையை நோக்கிப் பொருள்கள் வீசப்பட்டன. கலகக்காரர் என்று தம்மை எண்ணிக்கொண்டோரே, பழக்கமற்ற ஓசையொன்று காதில் விழுந்ததும் பழைமையின் காவலராக மாறினர். இது நம்மையும் சிந்திக்க வைக்க வேண்டியதொன்று.

'பணம் கொடுத்தவன் நான். எனக்குப் பிடிக்காததை ஏன் சகிக்க வேண்டும்?' என்று கேட்கலாம். இக்கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. கைதட்டும்படி எவரையும் வற்புறுத்த முடியாது. பிடிக்காத ஒருவர் எழுந்து வெளியே செல்லலாம். ஆனால் பாராட்டு வேறு, செவிகொடுத்தல் வேறு. பாராட்டு தீர்ப்பின்பின் வருவது. செவிகொடுத்தலோ தீர்ப்பு வழங்குவதற்கே தகுதியைத் தருவது. விசாரிக்காமலே தண்டிக்கும் நீதிபதியை நாம் மன்னிப்பதில்லை. மேலும், ரிக்கற்றுக்குக் கொடுத்த பணம் ஓர் இருக்கையை வாங்குகின்றது. பக்கத்து இருக்கையில் இருப்பவனின் காதையோ மேடையில் நிற்பவனின் மானத்தையோ அது வாங்கிவிடுவதில்லை.

இவ்விடத்தில் வழக்கமாக வேறொரு வாதம் முன்வைக்கப்படும். 1967 ஜூலையில் மங்கீஸ் குழுவின் பயணத்தில் முன்னோடியாக வாசித்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ், மங்கீஸையே கேட்டுக் கூவிய கூட்டத்தின் முன் சில நாட்களே நின்று விலகிக்கொண்டார். 1981 ஒக்ரோபரில் லொஸ் ஏஞ்சலிஸில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவுக்கு முன் பாடவந்த கறுப்பினக் கலைஞர் பிறின்ஸ் மீது பொருள்கள் எறியப்பட்டன. 'பாருங்கள், எத்தகைய மேதைகளை அவமதித்தார்கள்!' என்பர். இந்த வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. நாளை புகழ்பெறக்கூடும் என்பதற்காக இன்று மதிப்பது, வெற்றிக்குச் செலுத்தும் முன்பணமேயன்றி மனிதனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அப்படியாயின் ஒருநாளும் புகழ்பெறாத ஆயிரமாயிரம் குழுக்களை அவமதித்தது சரி என்றாகிவிடும். ஹென்ட்ரிக்ஸுக்கு இழைக்கப்பட்டது அநீதியாயின், பெயர் மறைந்துபோனவனுக்கு இழைக்கப்பட்டதும் அதே அளவு அநீதிதான்.

ஆயினும் குற்றம் முழுவதையும் கூட்டத்தின் தலையிற் சுமத்துவதும் நேர்மையன்று. முன்னோடிக் குழுவுக்கு ஒலிச் சோதனைக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் குறைவு, மேடையிற் கிடைக்கும் இடமும் ஒடுங்கியது, ஊதியமோ அற்பம். பெரிய பயணமொன்றில் இடம்பெறுவதற்குக் குழுவே பணம் கட்டும் வழக்கமும் உண்டு. புகழ் இங்கே மூலதனமாகிவிட்டது. அது இல்லாதவன் தன் உழைப்பைக் கொடுப்பதோடு வாடகையும் செலுத்துகின்றான். புதியவர்கள் வளரும் சிறு அரங்குகளைக் காப்பதற்கு, பெரும் அரங்குகளின் ரிக்கற்றிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்க வேண்டும் என 2024 மே மாதத்திற் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று பரிந்துரைத்தது. உச்சியில் நிற்பவனுக்கும் அடியில் நிற்பவனுக்கும் உள்ள உறவு தருமசிந்தை பற்றியது மாத்திரமல்ல, பங்கீடு பற்றியது என்பதற்கு இது சான்று.

எனினும் பங்கீடு திருந்தும்வரை நமது செவியை மூடிவைத்திருக்க நியாயமில்லை. செவிகொடுத்தலும் ஒரு பங்கீடே. அதற்குச் சட்டமும் வேண்டாம், சபையும் வேண்டாம். வகுப்பறையின் கடைசி வாங்கிலிருந்து எழுந்து தயங்கித் தயங்கிப் பேசும் மாணவனும், கூட்டத்தில் பெரும் பேச்சாளருக்கு முன் ஐந்து நிமிடம் பெறும் தொழிலாளியும் நம்மிடம் கேட்பது இதுவே. மக்களின் குரலுக்கு மேடை வேண்டும் என்போர் முதலில், தமக்குப் பழக்கமில்லாத குரலொன்றை இறுதிவரை கேட்கப் பழக வேண்டும்.