ஆகாசராஜன் திருமகளின் கோத்திரம்

பிள்ளை வரம் வேண்டித் திருமலைக்கு நடந்து வருவோர் எக்காலத்தும் உண்டு. வரம் பெற்றவர்கள் குழந்தையின் முதல் முடியை அங்கே இறக்கி, துலாபாரம் செலுத்தி மகிழ்ந்து திரும்புகிறார்கள். வரம் கைகூடாதவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். படிகளில் மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே ஏறுகிறார்கள். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழிகின்றன. பிறகு ஒருநாள் அந்த வீட்டில் மெல்ல ஒரு பேச்சு எழுகிறது: ஒரு குழந்தையைத் தத்தெடுத்துக்கொண்டால் என்ன?

கணவனும் மனைவியும் மனம் ஒன்றி வந்துவிடுகிறார்கள். தடை பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்து வருகிறது. "எந்தக் குலமோ, எந்தக் கோத்திரமோ? யார் செய்த பாவத்தின் பயனோ? அந்தப் பிள்ளை வைக்கும் பிண்டம் நமக்கு வந்து சேருமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். இக்கேள்வியை மூடநம்பிக்கை என்று ஏளனம் செய்வது முறையன்று. முன்னோர்பால் கொண்ட சிரத்தையே அவர்களை அப்படிக் கேட்க வைக்கிறது. ஆனால் சிரத்தையோடு கேட்பவர் சிரத்தையோடு விடையும் தேட வேண்டும் அல்லவா? அந்த விடை, அவர்கள் இத்தனை ஆண்டுகளாக வந்து வணங்கிய மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது.

புத்தூருக்கு அருகே நாராயணவனம் என்றோர் ஊர் உள்ளது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. அங்கு கல்யாண வேங்கடேசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். ஆகாசராஜனின் தலைநகரம் அதுவே என்பது தலபுராணம். மகப்பேறு இல்லாத அம்மன்னன் வேள்விக்காகப் பொன் ஏரால் நிலத்தை உழுதபோது, உழவுசாலில் ஒரு தாமரையும் அதன் நடுவே ஒரு பெண் குழந்தையும் தோன்றின. 'இவளை உன் மகளாக வளர்ப்பாயாக' என்று அசரீரி ஒலித்தது. மன்னன் குழந்தையை அள்ளி எடுத்துத் தன் தேவியாகிய தரணியின் கைகளில் கொடுத்தான். பத்மத்தில் கிடைத்தவள் ஆதலால் பத்மாவதி என்று பெயரிட்டான். பின்னர் தரணிதேவிக்கு வசுதானன் என்ற மகன் பிறந்தான். அதனால் பத்மாவதியின் இடம் ஓர் அணுவும் குறையவில்லை.

இவை யாவரும் கேட்ட செய்திகளே. நாம் ஊன்றிக் கவனிக்காமல் கடந்துவிடும் இடம் ஒன்று உண்டு. திருமண வேளையில் மணமக்களின் பிரவரம் சொல்ல வேண்டும். அப்போது பத்மாவதி எவ்வாறு குறிக்கப்படுகிறாள்? அத்திரி கோத்திரத்தில் உதித்தவள், சுவீரனின் கொள்ளுப்பேத்தி, சுதர்மனின் பேத்தி, ஆகாசராஜனின் புத்திரி என்றே பவிஷ்யோத்தர புராணம் சொல்கிறது. 'உழவுசாலில் கண்டெடுக்கப்பட்டவள்' என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. மூன்று தலைமுறை முன்னோர்களும், ரிஷியின் கோத்திரமும், எடுத்து வளர்த்த தந்தையின் வழியே அவளுக்கு முழுமையாக வந்து சேர்ந்துவிட்டன. அந்தக் கன்னிகாதானத்தை ஏற்றுக்கொண்டவரோ ஸ்ரீநிவாசப் பெருமாள்! அவர் ஏற்றுக்கொண்ட கோத்திரத்தை நாம் ஏற்கத் தயங்கலாமா?

இனி மணமகன் பக்கம் வருவோம். அவருக்குப் பெண் கேட்டுச் சென்றவள் வகுளமாலிகை. முற்பிறவியில் யசோதையாக இருந்து கண்ணனை வளர்த்தவள். வளர்த்த பிள்ளையின் ஒரு திருமணத்தையும் காணக் கொடுத்து வைக்காதவள். அக்குறை தீரவே கலியுகத்தில் மீண்டும் அவனுக்குத் தாயானாள் என்பார்கள். திருமலையில் மடைப்பள்ளியின் அருகே அவளுக்குத் திருவுருவம் உள்ளது. பிள்ளைக்கு உணவு சரியாக ஆகிறதா என்று இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. திருப்பதியை அடுத்த பேரூர்க் குன்றில் சிதைந்து கிடந்த அவளது கோயிலும் புதுப்பிக்கப்பட்டு 2022-இல் திறக்கப்பட்டது. இத்தனை உரிமை உள்ள தாய் உடன் இருந்தும், மணமகனின் பிரவரம் வசிஷ்ட கோத்திரம், வசுதேவரின் புத்திரர் என்றே சொல்லப்படுகிறது. வளர்த்தவளின் குலம் அங்கே வரவில்லை. பெற்றவரின் குலமே வருகிறது.

ஒரே மணப்பந்தலில் இருவிதமான பிள்ளைகள். தத்தெடுக்கப்பட்ட மகளுக்கு, எடுத்த தந்தையின் கோத்திரம். வளர்ப்புத் தாயின் கையில் வளர்ந்த மகனுக்கு, பெற்றவரின் கோத்திரம். இன்றைய சட்டம் தத்தெடுத்தல் என்றும் வளர்ப்புப் பராமரிப்பு என்றும் பிரித்துச் சொல்வது இந்த வேறுபாட்டைத்தான். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், தத்து நிகழ்ந்த நாள்முதல் அக்குழந்தை எல்லா வகையிலும் புதிய பெற்றோரின் குழந்தையே என்கிறது. முறையாக நிகழ்ந்த தத்தைப் பின்னர் யாரும் ரத்து செய்ய முடியாது. பிறந்த குடும்பத்தில் மணம் விலக்கப்பட்ட உறவுகள் மட்டும் முன்போலவே விலக்காக நீடிக்கும். குழந்தையைக் கொடுப்பதும் பெறுவதும் உண்மையாக நிகழ வேண்டும். தத்த ஹோமம் செய்யாவிட்டாலும் தத்து செல்லும் என்று அச்சட்டம் சொல்கிறது. ஹோமம் வேண்டாம் என்று அது சொல்லவில்லை. நெருப்பைச் சாட்சி வைத்து ஏற்பது மனத்துக்கு உறுதி தருவது; செய்ய விரும்புவோர் தாராளமாகச் செய்யலாம்.

ஆனால் நமது சட்டம் எப்போதும் இவ்வளவு விரிந்த மனத்துடன் இருந்ததில்லை. மனு பன்னிரண்டு வகைப் புத்திரர்களைக் கூறுகிறார். அவர்களுள் முதல் ஆறு வகையினர் உறவுக்கும் உரிமைக்கும் உரியவர்கள். பெற்றோரால் கைவிடப்பட்டு மற்றொருவரால் ஏற்கப்பட்ட 'அபவித்தன்' அந்த ஆறு பேருள் ஒருவன்! பிற்கால நிபந்தன நூல்கள் கலியுகத்துக்கு வயிற்றில் பிறந்த மகனும் தத்தமகனும் போதும் என்று சுருக்கிவிட்டன. மகனைப் பெற்றோரே தானமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆதலால் பெற்றோர் இல்லாத குழந்தையைக் கொடுக்க ஆளில்லை என்று நீதிமன்றங்கள் கருதின. எந்தக் குழந்தைக்கு வீடு மிகவும் தேவையோ, அக்குழந்தைக்கே கதவு அடைபட்டது. கைவிடப்பட்ட குழந்தைகளையும் பெற்றோர் இன்னார் என்று அறியப்படாத குழந்தைகளையும் காப்பாளர் நீதிமன்ற அனுமதியுடன் தத்துக் கொடுக்க, 1962-இல் வந்த திருத்தமே வழி செய்தது. பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுக்கவும், சில குல வழக்கங்கள் நீங்கலாக, 1956 வரை இடம் இருக்கவில்லை. ஆகாசராஜன் அந்நாளில் சித்தூர் நீதிமன்றத்துக்கு வந்திருந்தால், பத்மாவதியை மகள் என்று நிலைநாட்ட முடியாமல் திரும்பியிருப்பான்!

வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றி நம் மக்கள் குறைவாகவே அறிந்திருக்கிறார்கள். பெற்றோர் நோயாலோ வேறு காரணத்தாலோ வளர்க்க இயலாத நிலையில், குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு வேறொரு குடும்பத்தில் சில காலம் வளர வைப்பது அது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. 2024-இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகளின்படி, திருமணமாகாத தனிநபரும் இப்பொறுப்பை ஏற்கலாம். குழந்தை தத்துக்குரியது என்று அறிவிக்கப்பட்டிருந்தால், இரண்டு ஆண்டுகள் வளர்த்தவர் தத்தெடுக்கவும் கோரலாம். ஆயினும் தொடக்கத்தில், என்றேனும் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்ற அறிவோடுதான் குழந்தையை மடியில் ஏற்க வேண்டும். அக்ரூரர் தேரைக் கொண்டுவந்து நிறுத்திய நாளில் யசோதை பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். செல்வர் வீட்டுப் பணிப்பெண் எஜமானரின் குழந்தைகளை 'என் ராமன், என் ஹரி' என்று சீராட்டுகிறாள். ஆனால் அவர்கள் தன்னுடையவர்கள் அல்லர் என்று உள்ளூர அறிந்திருக்கிறாள். இல்லறத்தார் அனைவரும் இப்படி வாழ வேண்டும் என்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் உபதேசித்தார். நமக்கு அது உவமை. வளர்ப்புப் பெற்றோருக்கு அதுவே அன்றாட சாதனை. அன்னை ஸ்ரீசாரதாதேவியார், தந்தையை இழந்து, மனநிலை பிறழ்ந்த தாயிடம் விடப்பட்ட தம் தம்பி மகள் ராதுவை வளர்த்ததையும், அதில் அவர் பட்ட தொல்லைகளையும் அன்பர்கள் அறிவார்கள். வளர்ப்புத் தாய்மை இனிமை மட்டுமே நிறைந்தது என்று யாரும் எண்ண வேண்டாம்.

பக்தர்களிடம் காணும் வேறொரு தவறும் உண்டு. தயங்குபவர்களைவிடச் சில வேளைகளில் அவசரப்படுபவர்களே குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுகிறார்கள். கோயில் வாசலில் ஒரு சிசு கிடைக்கிறது, அல்லது மருத்துவமனையில் யாரோ ஒரு குழந்தையைக் கைமாற்றித் தருகிறார்கள். 'பெருமாளே கொடுத்தார், இதற்கு ஏன் காகிதம்?' என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். உறவினர் அல்லாத அனாதைக் குழந்தையையோ கைவிடப்பட்ட குழந்தையையோ உரிய முறையின்றித் தத்துக் கொடுப்பதும் பெறுவதும் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றம். பணம் கைமாறினால் தண்டனை இன்னும் கடுமையானது. ஐதரேய பிராமணத்தில் அஜீகர்த்தன் நூறு பசுக்களுக்காகத் தன் மகன் சுனச்சேபனை விற்றான். யூபத்தில் கட்ட மேலும் நூறு, வெட்ட இன்னொரு நூறு என்று கேட்டு வாங்கினான். தேவர்கள் பிள்ளையைக் காத்த பின், 'என் மகனைத் தா' என்று வந்து நின்றான். சுனச்சேபன் அவனோடு போக மறுத்தான். விசுவாமித்திரர் அவனைத் தேவராதன் என்ற பெயருடன் மூத்த மகனாக ஏற்றார். விலை பேசியவனுக்குத் தந்தை என்ற பெயர் நிலைக்கவில்லை.

கிடைத்த குழந்தையைப் பற்றி 1098 என்ற எண்ணுக்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். வறுமையாலோ அச்சத்தாலோ விட்டுச் சென்ற ஒரு தாய் மனம் மாறித் தேடி வரக்கூடும். முறையாக ஒப்படைத்த தாய்க்கு மறுசிந்தனைக்காகச் சட்டம் இரண்டு மாதம் தருகிறது. கைவிடப்பட்ட குழந்தையின் பெற்றோரைத் தேடவும் காலம் ஒதுக்குகிறது. அந்தக் காத்திருப்பு அவளுக்காக. அதன்பின் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தில் பதிந்து, வீட்டாய்வு முடிந்து, வரிசைப்படி குழந்தை வருகிறது. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். ஆண்டுகள் ஆகின்றன என்ற குறை உண்மையே. பிள்ளை வரத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு இதுவும் ஒரு விரதம்.

பிற சமயத்தாருக்கு முன்பு 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பாளர் என்ற நிலையே கிட்டியது. இஸ்லாமிய மரபு அனாதையைப் பேணுவதைப் பெரும் புண்ணியமாகப் போற்றுகிறது. ஆனால் பெற்ற தந்தையின் பெயரை மறைக்கக் கூடாது என்கிறது. 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், இளைஞர் நீதிச் சட்டப்படி எச்சமயத்தாரும் தத்தெடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. விரும்பாதவர் தம் சமய நெறிப்படியே இருக்கலாம், யாரையும் சட்டம் வற்புறுத்தவில்லை என்றும் விளக்கியது. இது நல்ல நடுநிலை. வளர்ப்பில் உள்ள குழந்தை தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரார்த்தனையை நாம் மாற்ற முயல்வதும் தகாது. அல்லாவின் பெயரோ ஏசுவின் பெயரோ சொல்லி உறங்கிய குழந்தை, நம் வீட்டிலும் அப்பெயரைச் சொல்லியே உறங்கட்டும்.

கடைசியாக, குழந்தையிடம் உண்மையைச் சொல்வதா என்ற கேள்வி. ஆகாசராஜன் மகளுக்கு வைத்த பெயரிலேயே அவள் கிடைத்த இடம் இருந்தது. அவளை அழைக்கும்போதெல்லாம் அது ஒலித்தது. கர்ணனிடமோ போர் மூளும் தறுவாயில்தான் கண்ணன் அந்த உண்மையைப் பேசினான். பாண்டவரின் மூத்தவனாக அரியணை ஏறலாம் என்று கண்ணன் அழைத்தபோது அவன் தந்த விடை உத்தியோக பர்வத்தில் உள்ளது. தன்னைக் கண்டதும் அன்பினால் ராதைக்குப் பால் சுரந்ததையும், தன் மலஜலத்தை அவள் கைகளால் துடைத்ததையும், அதிரதன் தனக்கு ஜாதகர்மம் செய்வித்ததையும் அவன் எடுத்துச் சொல்கிறான். தர்மம் அறிந்த தான் ராதைக்கு உரிய பிண்டத்தை எவ்வாறு இல்லாமல் செய்ய முடியும் என்று கண்ணனையே கேட்கிறான்.