சிறிய தோட்டா

பிள்ளையார்பாளையத்துத் திண்ணையில் உட்கார்ந்து யானை வேட்டைப் புத்தகம் வாசிப்பதில் ஓர் அபத்தம் இருக்கிறது. துப்பாக்கியை நான் கையால் தொட்டதில்லை. சுற்றிலும் தறிச் சத்தம். கையில் டபிள்யூ. டி. எம். பெல் 1923-ல் வெளியிட்ட புத்தகம். கவிதை எழுதும் நண்பர் கொடுத்தது. கொடுக்கும்போதே, 'இவர் நம்ம ஆள்' என்றார்.

'நம்ம ஆள்' என்றதன் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேல் யானைகளைத் தந்தத்துக்காகச் சுட்டவர். அவற்றில் பெரும்பகுதியை .275 ரிக்பி என்கிற மெலிந்த ரைஃபிளால், ஏழு மில்லிமீட்டர் குறுக்களவுத் தோட்டாவால் வீழ்த்தினார். தோட்டாவின் எடை 11 கிராம் சொச்சம். அந்தக் காலத்தில் யானைக்கென்றே செய்த .577-ன் தோட்டா 48 கிராம். மற்றவர்கள் தோள்பட்டை கழன்றுவிடும்போல உதைக்கிற அந்தப் பீரங்கிகளைச் சுமந்தபோது, இவர் யானை மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் எந்த எலும்பு குறுக்கே வரும் என்று படித்துக்கொண்டிருந்தார். இடம் தெரிந்துவிட்டால் கனம் வேண்டாம் என்பது அவர் கட்சி.

நண்பர் சொக்கிப்போனதில் ஆச்சரியமில்லை. வெற்று அலங்காரத்துக்கு எதிராக, உரத்த குரலுக்கு எதிராக நாம் ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தது இதைத்தானே. ஒரு சொல் போதும், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால். பெல்லின் ரைஃபிளில் நண்பர் தன் கவிதைக் கொள்கையையே கண்டுவிட்டார். நானும்தான், இரண்டு நாள்.

பெல் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. பெரிய துப்பாக்கி பலரைக் கெடுத்திருக்கிறது. உதைக்கும் என்ற பயத்தில் விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடிக்கொள்கிறார்கள். எங்கே பட்டாலும் விழும் என்ற நம்பிக்கையில் எங்கேயோ சுடுகிறார்கள். கனம் அசிரத்தைக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. சிறிய தோட்டாக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆனால் சலுகை கிடையாது என்பது யாருக்கு? இங்கேதான் எனக்கு இடறியது. தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கிற மண்டை எலும்புக்குள், பெரிய தோட்டா மூளைக்கு நாலு விரல் தள்ளிப்போனாலும், அதிர்ச்சியில் யானை தள்ளாடும், மண்டியிடும், இரண்டாவது குண்டுக்கு அவகாசம் இருக்கும். சிறிய தோட்டா தவறினால் அது வெறும் துளைதான். யானை துளையோடு காட்டுக்குள் போய்விடும். சுட்டவன் தன் திறமையைப் பணயம் வைத்ததாக நினைத்துக்கொள்கிறான். பணயம் வைத்தது யானையின் சாவை. அது சீக்கிரம் சாகுமா, பத்து நாள் சீழ் பிடித்துச் சாகுமா என்பதை. தன் பொருளை வைத்து ஆடாத ஆட்டத்தைத் துணிவு என்று எப்படிச் சொல்வது?

இதைக் கருணை பேசுகிறவனின் மிகை என்று ஒதுக்கலாம். சம்பாவத் பெண்புலியை ஒதுக்க முடியாது. 436 பேரைக் கொன்றதாகக் கணக்குச் சொல்லப்பட்ட அதை 1907-ல் ஜிம் கார்பெட் சுட்டுப் பார்த்தபோது, வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய குண்டுக் காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனதுதான் அதை மனிதர் பக்கம் திருப்பியது என்பது கார்பெட்டின் முடிவு. யாரோ ஒருவன் சுட்டுவிட்டு, அடிபட்டதைப் பின்தொடர்ந்து போகாமல், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறான். துப்பாக்கி எந்த அளவு என்பது யாருக்கும் தெரியாது. அளவு இங்கே முக்கியமுமில்லை. தவறின் விலையைக் கொடுத்தவர்கள் புல்லறுக்கப் போன குமாவூன் பெண்கள். அந்தப் புலியைக் கொன்றதற்காகக் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்ததும் ஒரு .275 ரிக்பி என்பது சரித்திரத்தின் குறும்பு. அதே ரைஃபிளால்தான் 1926-ல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையையும் சுட்டார்.

1972-ன் வனஉயிர்ச் சட்டத்துக்குப் பிறகு இதெல்லாம் பழங்கதை என்று நண்பர் சொல்லக்கூடும். கோவைப் பக்கத்து மலையடிவாரத்தில் பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயைக் கடித்து, தாடை கிழிந்து, தின்ன முடியாமல் பட்டினியில் செத்த யானைகள் பழங்கதையில்லை. அந்த மருந்துருண்டை பெல்லின் தோட்டாவைவிட அற்பமான ஆயுதம். அங்கே சிறுமை கொள்கையினால் வந்ததல்ல, மலிவினால் வந்தது. யானைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் கேட்கலாம். இந்த ஊர் பட்டில் வாழ்கிறது. அந்துப்பூச்சி துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துவிடும் என்று புழுவைக் கூட்டோடு வேகவைக்கிறோம். 'வைக்கிறோம்' என்பதுகூடப் பொய். கொப்பரை கர்நாடகத்தில் கொதிக்கிறது, நமக்கு நூல் மட்டும் வருகிறது. பக்கத்திலேயே திருப்பருத்திக்குன்றத்தில் தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். அவரை நேருக்கு நேர் பார்த்துப் பேச எனக்கு வாய் கிடையாது. ஆனாலும் அந்தக் கொப்பரையைக் கலை என்று யாரும் பாடுவதில்லை. பெல்லிடம் எனக்கு உறுத்துவது கொலை மட்டுமல்ல, கொலையின் நேர்த்தியில் நாம் மயங்குவது.

கவிதையில் ஒரு சொல் இடம் தவறினால் என்ன குடிமுழுகிவிடும்? அடுத்த இதழில் ஒரு திருத்தம், அல்லது அதுவுமில்லை. நூறு பிரதி அச்சாகிற பத்திரிகையில் யாருக்கும் தாடை கிழிவதில்லை. நம் துல்லியம் செலவில்லாத துல்லியம். அதை வைத்துக்கொண்டு பெல்லை 'நம்ம ஆள்' என்பது கொஞ்சம் அதிகம்.

என் அப்பா கோர்வைச் சேலை நெய்தவர். ஒரு தடவை கரையும் உடலும் சேருமிடத்தில் ஒரு பிசகு. கவனிப்பதற்குள் நாலு விரல் அகலம் நெய்தாகிவிட்டது. வாங்குகிறவர் கண்ணில் படாது என்று கரை கோத்துக்கொடுத்த பையன் சொன்னான். அப்பா பதில் சொல்லவில்லை. குழியிலிருந்து எழுந்திருக்காமல் ஊடையை ஒவ்வோர் இழையாகப் பிரித்தார். சாயங்காலம் வரை ஆயிற்று. அன்றைக்குக் கூலி கிடையாது.

புத்தகத்தை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் இன்னும் பெல் பக்கம்தான்.